பட்டை விடும் நேரம்

எங்கள் வட்டாரத்தில் நிற்கும் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை ஒற்றை மரங்கள் அல்ல. வேர் ஒரு மரம். மேலே நிற்பது வேறொரு மரம். அடியில் குனிந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்த இடம் தெரியும். சில மரங்களில் அந்த இடம் வீங்கிப் பருத்திருக்கும், அதை யானைக்கால் என்போம். கொட்டையிலிருந்து நேராக வளர்ந்த மரம் அடியில் பெருத்து, மேலே போகப்போகச் சிறுக்கும். ஒட்டுமரம் அடி முதல் கிளை வரை ஏறக்குறைய ஒரே பருமன். பால் வெட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கத்தியில் தெரியும். எனக்கு அதுவே பிழைப்பு. பதினாறு வயதிலிருந்து மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லின்சம் பக்கத்துத் தோட்டங்களில் அந்த இரண்டு மரங்களையும் ஒன்றாக்கும் வேலையைத்தான் செய்தேன். தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் பதிவேட்டில் 'பட்டிங்' என்று எழுதுவார். எங்கள் வாயில் அது ஒட்டுக்கட்டு.

நன்றாகப் பால் கொடுக்கிற மரத்தின் கொட்டையை எடுத்து நட்டால் போதாதா என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் கேட்பார்கள். போதாது. ரப்பர் மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொத்தில்தான் இருக்கின்றன. கொத்தின் கிளை நுனிகளில் ஒன்றிரண்டு பெண் பூ, மற்றதெல்லாம் ஆண். எல்லாமே மஞ்சள் நிறம், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பறக்கிற சின்னச் சின்னக் கொசுக்களும் பேன்பூச்சிகளும் மகரந்தத்தைச் சுமக்கின்றன. எந்த மரத்து மகரந்தம் எந்தப் பூவுக்குப் போயிற்று என்பதற்குக் கணக்கே கிடையாது. மலர்ந்ததில் மிகச் சில பூக்களே காய்க்கும். காய் முற்ற ஐந்து மாதம் ஆகும். அதிலிருந்து வருகிற கன்று தாயைக் கொண்டிருக்கலாம், தகப்பனைக் கொண்டிருக்கலாம், பாலே இல்லாத ஏதோ ஒரு பாட்டனையும் கொண்டிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரப்பர் கொட்டையின் மேலோடு பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டிருக்குமே, அந்த ஓடு முழுக்கத் தாய்மரத்தின் உடம்பு. உள்ளே இருக்கிற பருப்பில்தான் தகப்பனுக்குப் பங்கு. அதனால் ஒரே ஒட்டு இனத்து மரங்களின் கொட்டைகள் அத்தனையும் ஒரே வடிவத்தில், ஒரே புள்ளியில் இருக்கும். எங்கள் நர்சரி மேற்பார்வையாளரான மண்டோர் கீழே கிடக்கிற கொட்டையை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்து, "இது ஜீடி ஒன்னு, இது அறுநூறு" என்று சொல்லிவிடுவார். தாய் யாரென்று கையில் வைத்துச் சொல்லலாம். தகப்பனை அந்தக் கொட்டையிடம் கேட்டாலும் தெரியாது.

அதனால்தான் ஒட்டு. 1910களில் ஜாவாவிலும் சுமத்திராவிலும் டச்சுக்காரர்கள் ரப்பரில் கண் ஒட்டுவதைக் கற்றுக்கொண்டார்கள். மலாயாவில் 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் (ஆர்ஆர்ஐஎம்) அமைந்தது. அவர்களின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில். காஜாங்குக்கு அந்தப் பக்கம் பிராங் பெசார் என்றொரு தோட்டம், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார ஆபீசர்கள் தொடங்கியது. அங்கே தேர்ந்தெடுத்த மரங்களுக்குப் பிபி என்று பெயர் வைத்தார்கள். பிபி 86க்கும் ஜாவாவின் ஜிர் 1க்கும் கலப்புச் செய்து வந்ததுதான் ஆர்ஆர்ஐஎம் 600. முன்பு தேர்வு செய்யாத கொட்டை மரங்கள் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 500 கிலோ அளவில் கொடுத்தன. அறுநூறு அதைப் போல மூன்று மடங்கைத் தாண்டியது. என் கையால் அதிகம் ஒட்டுக்கட்டியதும் அறுநூறைத்தான். பிராங் பெசார் தோட்டம் இப்போது இல்லை. அந்த இடத்தில் புத்ராஜெயா இருக்கிறது. பிரதமர் ஆபீசுக்குச் சுற்றுலா போகிற நம் பிள்ளைகளிடம் இதை யாராவது சொல்கிறார்களா, தெரியவில்லை.

மேலே வைக்கத்தான் தேர்ந்த இனம் வேண்டும். கீழே வேருக்கு எப்போதும் கொட்டைதான். ஆகஸ்ட், செப்டம்பரில் காய் வெடிக்கும். ஒரு காயில் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. வெயில் ஏற ஏற ஓட்டின் கட்டை காய்ந்து முறுக்கிக்கொண்டு ஒரு கணத்தில் பட்டென்று பிளக்கும். கொட்டை பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய் விழும். லயத்துத் தகரக் கூரையில் விழுந்தால் கைக்குழந்தை தூக்கத்தில் துள்ளும். இந்த மரம் பிறந்த அமேசான் காட்டில் ஆற்று வெள்ளம் மரத்தடி வரை வரும். வெடித்த கொட்டை மிதந்து போகும். இங்கே அதற்கு வெள்ளமும் இல்லை, தேவையும் இல்லை. ஆனாலும் வெடிக்கிற பழக்கத்தை மரம் விடவில்லை.

கொட்டையைப் பொறுக்குவது பள்ளிப் பிள்ளைகளின் வேலை. பொறுக்கிய உடனே போட வேண்டும். ரப்பர் கொட்டை நெல்லோ உளுந்தோ அல்ல, அடுக்குப்பானையில் போட்டு அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியாது. அதற்குள் ஈரமும் உயிரும் சேர்ந்தே இருக்கின்றன. காய்ந்தால் செத்தது. ஒன்றிரண்டு வாரத்திலேயே முளைப்பு பாதிக்கு இறங்கிவிடும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு 70,000 கொட்டைகள் கொண்டுபோனார் என்று படித்தபோது நான் முதலில் தேடியது எத்தனை முளைத்தது என்பதைத்தான். 3,000கூட இல்லை. கப்பலில் வந்த நாட்களை நினைத்தால் அதுவே அதிகம். அதிலிருந்து 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் ரப்பர் பெரும்பாலும் அந்த இருபத்திரண்டின் வம்சம். சிங்கப்பூர்த் தோட்டத்தில் ரிட்லி துரை, மரத்தைக் கொல்லாமல் மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடித்த பிறகு, 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வியாபாரத்துக்கென்று முதலில் நட்டார். பிறகு வந்ததெல்லாம் நம் பாட்டன் பூட்டன் கதை.

மணல் மேடையில் கொட்டையின் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வரிசையாகப் பதிப்போம். மேலே லாலான் புல்லைப் பரப்பி, காலை மாலை தண்ணீர். ஒரு வாரத்தில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். மூன்று வாரத்துக்கு மேல் தூங்குகிற கொட்டையை மண்டோர் அள்ளி வீசிவிடுவார். எனக்கு அப்போது அது அநியாயமாகப் பட்டது. பிந்தி முளைத்தது நோஞ்சானாகவே வளரும், அதன் மேல் எவ்வளவு நல்ல கண்ணை வைத்தாலும் நோஞ்சான் வேர் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதைப் பிற்பாடு வெட்டுக்கு வந்த மரங்களில் பார்த்தேன். ஒரே இனம், ஒரே உரம், ஒரே நிரை. ஒரு மரம் மட்டும் பக்கத்து மரத்தில் பாதிப் பருமன். தலை ஒன்றாக இருந்தாலும் கால் வேறு வேறல்லவா.

மண்டோர் எனக்குத் தூரத்து உறவு, மாமா முறை. கத்தியைக் கொடுக்கும் முன்னால் ஒரு மாதம் கன்றுகளுக்கு நடுவே சும்மா நடக்க விட்டார். நான் கத்தியையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கத்திய விடு புள்ள, எலயப் பாரு."

"எலயில என்னா மாமா இருக்கு?"

"பட்ட விடுமா விடாதான்னு அதான சொல்லுது."

ரப்பர் கன்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளராது. நின்று நின்று வளரும். குருத்து சில நாள் அசையாமல் இருக்கும். பிறகு திடீரென்று ஒரு முழம் நீண்டு, நுனியில் செம்புநிறக் கொழுந்தைத் தொங்கவிடும். கொழுந்து துவண்டு கிடக்கும். மெல்ல வெளிர்பச்சையாகும், விறைத்து நிமிர்ந்து கரும்பச்சையாகும். குருத்து மறுபடி தூங்கப் போய்விடும். இந்த ஒரு சுற்றுக்கு ஐந்தாறு வாரம். தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்தாலும் இந்தத் தாளத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடுக்கு இலை என்பதால், அடுக்கை எண்ணினால் கன்றின் வயது கிடைத்துவிடும்.

மேல் அடுக்கு செம்பாகத் தொங்கும்போது கன்றின் சத்தெல்லாம் அங்கே போகிறது. அந்த நேரத்தில் கத்தி வைத்தால் பட்டை பிசிறிப் பிய்யும், கண்ணும் பிடிக்காது. இலை விறைத்துக் கரும்பச்சையான பிறகு, ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தால், கீறி நகத்தால் நெம்பும்போதே பட்டை தானாகக் கழன்று வரும். உள்ளே உரித்த இளநீர் வழுக்கையைப் போல வழவழவென்று ஈரமாக இருக்கும். "பட்டை விடுது" என்போம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. வெளிப்பக்கம் பட்டையையும் உள்பக்கம் கட்டையையும் பெற்றுப் போட்டுக்கொண்டே இருப்பது அதுதான். மரம் பருப்பது முழுக்க அதன் வேலை. அது மும்முரமாக இருக்கும்போது புதிதாய்ப் பிறந்த அணுக்கள் தண்ணீர் நிறைந்து, சுவர் மெல்லிசாக இருப்பதால் சுலபமாகக் கிழியும். வறட்சியில் அது வேலையை நிறுத்திவிடும், பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மகள் ஐந்தாம் படிவம் படித்தபோது அவளுடைய உயிரியல் புத்தகத்தில் கேம்பியம் என்று படம் போட்டிருந்தது. அதுவரை அதற்குப் பெயர் உண்டு என்றே எனக்குத் தெரியாது.

அம்மா பால் வெட்டுக்காரர். பால் ஓடுகிற நுண்ணிய குழாய்கள் இந்த அடுக்குக்கு வெளியே, பட்டையின் உட்பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாக வெட்டினால்தான் பால். ஆனால் கத்தி அந்த அடுக்கைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகப் புடைக்கும், புதுப்பட்டையில் மறுபடி வெட்டு எடுக்க முடியாது. அதற்கும் கத்திக்கும் நடுவே விடச் சொல்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அம்மா அதைத் தொடாமல் பிழைத்தார், நான் அதைத் திறந்து பிழைத்தேன். கங்காணி சட்டம் பேசுவது அம்மாவின் மரத்தில்தான்; என் கன்றில் யாரும் குனிந்து பார்த்ததில்லை, பிடித்ததை மட்டும் எண்ணிக் கூலி போட்டார்கள்.

இருட்டிலேயே எழுந்து அம்மா காலை ஆள்கணக்குக்கு, அதாவது பெரட்டுக்குப் போவார். "விடிஞ்சு வெயில் ஏறினா மரம் மூடிக்கும்" என்பார். அது கட்டுக்கதை இல்லை. இரவெல்லாம் வேர் தண்ணீரை இழுக்கிறது, இலை மூடியிருப்பதால் வெளியே போவதில்லை. விடியற்காலையில் பால் குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு வரை. கத்தி பட்டதும் பீறிட்டு, பால் பிடிக்கும் மங்கில் இறங்கும். வெயில் ஏறி இலை தண்ணீரை விடத் தொடங்கினால் அழுத்தம் விழும், பால் மந்தமாகும். பிறகு வெட்டு வாயிலேயே பால் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். காயத்தை அடைக்க மரம் வைத்திருக்கிற ஏற்பாடு அது. அந்த அடைப்பைத் திரும்பத் திரும்பச் சீவி எடுப்பதுதான் நம்முடைய ஏற்றுமதிப் பொருளாதாரமாக இருந்தது.

ஒட்டுக்கட்டு வேலை காலையில் தொடங்கிப் பத்து மணி வாக்கில் நிற்கும், வெயில் தாழ்ந்து மறுபடி கொஞ்சம். கன்றில் இரண்டு கீறல் நெடுக்காக, ஒரு கீறல் குறுக்காக. கீறியதும் பால் வடியும், அதைத் துடைக்காமல் திறக்கக் கூடாது. பத்துக் கன்றுக்கு முதலில் கீறிவிட்டுப் பிறகு திரும்பி வந்தால் பால் வடிந்து நின்றிருக்கும். தேர்ந்த இனத்து மரத்திலிருந்து வெட்டிய கண்குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்போம். அதில் இலைக்காம்பு விழுந்த தழும்புக்கு மேலே உறங்குகிற கண்ணைப் பட்டையோடு சீவி, பின்னால் ஒட்டியிருக்கும் கட்டையை மட்டும் மெல்ல உரித்து எடுக்க வேண்டும். பட்டையின் உள்பக்கம் கடுகளவு ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் உயிர். கட்டையோடு அது போய்விட்டால் வெளியே கண் இருந்தாலும் குருடு. பட்டை ஒட்டிக்கொள்ளும், பச்சையாகவே இருக்கும், முளை மட்டும் ஒருநாளும் வராது. உள்பக்கத்தைக் கை படாமல், மண் படாமல், தலைகீழாகாமல் திறந்த இடத்தில் செருகி, கீழிருந்து மேலாகப் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றினால் மழைத்தண்ணீர் இறங்காது. ஒரு கன்றுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெண்கள்தான் இதில் கெட்டி. ஆண்கள் இறுக்கிக் கட்டுவார்கள்.

மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்போம். பச்சை என்றால் பிடித்தது, கறுப்பு என்றால் போயிற்று. அறுபதுகளுக்குப் பிறகு பென்சில் பருமன் இளங்கன்றிலேயே பச்சைக் கண்ணை வைக்கிற முறை வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த இடத்தில் ஐந்தாறு மாதத்தில் வேலை முடிந்தது. சின்ன விரல் இருந்தவர்களுக்கு அது நல்ல காலம்.

பிடித்த கண் அப்படியே தூங்கும். மேலே கன்றின் பழைய தலை இருக்கிறவரை விழிக்காது. அரம்பத்தால் தலையை அறுத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கண் பருத்து முளைவிடும். குருத்து நுனியிலிருந்து கீழே இறங்குகிற ஒரு சாறு பக்கத்துக் கண்களை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனால் அந்த அடக்குமுறையும் போகிறது. வெளிச்சம் பட்ட நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்கித் தண்டை வளைக்கிறது என்று சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இலேயே புல் முளைகளை வைத்து எழுதிவிட்டார்கள். அந்தச் சாற்றைப் பிரித்தெடுத்து ஆக்சின் என்று பெயரிட இன்னும் ஐம்பது வருஷம் போனது. முருங்கையின் நுனியைக் கிள்ளினால் பக்கம் கிளைக்கும் என்று பாட்டிகளுக்குத் தெரியும்.

ஜனவரி, பிப்ரவரியில் எங்கள் வேலை படுத்துவிடும். நெகிரி செம்பிலான் மலேசியாவின் வறண்ட மூலைகளில் ஒன்று. தித்திவாங்சா மலைத்தொடர் மழையை மறிப்பதால் ஜெலுபு, கோலப் பிலா பக்கம் இன்னும் வறட்சி. அப்போதுதான் பெரிய மரங்களும் இலை உதிர்க்கும். காடு முழுக்க மஞ்சளாகிச் செம்பாகி ஒரே வாரத்தில் மொட்டையாகும். நிழலிலேயே வேலை செய்து பழகியவர்களுக்கு வேலைக்காட்டில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பால் குறையும், அம்மாவின் சம்பளமும் குறையும், லயத்தில் கடன் ஏறும். சில வாரத்தில் புது இலையும் அதோடு பூவும் வந்துவிடும். துளிர் இளசாக இருக்கிற அந்த நாட்களில் மழையும் பனியும் சேர்ந்தால் வெள்ளைப் பூஞ்சை விழுந்து மறுபடி உதிரும். அதற்குத்தான் விடியற்காலையில் கந்தகத் தூள் அடிப்பார்கள்.

ஒரே வாரத்தில் இத்தனை மரமும் பூப்பது எப்படி என்று நாங்கள் யோசித்ததில்லை. மழை நின்றதால் என்று நினைத்துக்கொண்டோம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த யாங் ஹூங் யீட், 2007இல் எழுதிய கட்டுரையில் வேறு காரணம் சொன்னார். நிலநடுக்கோட்டுப் பக்கம் பகலின் நீளம் வருஷம் முழுக்க அநேகமாக ஒன்றுதான், ஆனால் மார்ச், செப்டம்பரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது வெயிலின் கடுமை கூடுகிறது. மரம் அதைத்தான் நாள்காட்டியாக வைத்திருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு இது பிடித்திருந்தது. செப்டம்பரிலும் சில மரங்கள் கொஞ்சம் பூப்பதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு விளக்கம் சொல்ல யாரும் இருந்ததில்லை.

ஒட்டுமரத் தோட்டம் பார்க்க அழகுதான், ஆனால் அது ஆயிரம் மரம் நிற்கிற இடமல்ல. ஒரு மரம் ஆயிரம் இடத்தில் நிற்கிறது. அதற்கு ஒரு பலவீனம் இருந்தால் அத்தனைக்கும் இருக்கும். ஐந்நூற்று ஒன்று, அறுநூற்றிருபத்து மூன்று என்ற இரண்டு ஆர்ஆர்ஐஎம் இனங்களும் நல்ல பால், ஆனால் காற்றுக்கு ஆகாது. சுழல்காற்று அடித்த மறுநாள் போனால் நிரை நிரையாக ஒரே உயரத்தில் முறிந்து கிடக்கும். தென் அமெரிக்காவில் ஓர் இலைக்கருகல் நோய் இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசானில் தொடங்கிய மாபெரும் தோட்டத்தை அழித்ததில் அதற்குப் பெரிய பங்கு. அது இதுவரை ஆசியாவுக்கு வரவில்லை, வந்தால் 22 கன்றுகளின் வம்சத்தில் தடுக்க யார் இருக்கிறார்கள்? இந்தப் பயத்தில்தான் 1981இல் ரப்பர் நாடுகள் சேர்ந்து மறுபடி அமேசானுக்கு ஆள் அனுப்பி 60,000க்கும் மேல் கொட்டைகள் பொறுக்கி வந்தார்கள். அதில் ஒரு பங்கு மலேசியாவுக்கும் வந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு காடு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சிம்பாங் பெர்த்தாங் பக்கம் பாசோ காடு. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கங்களில் செம்பனையும் ரப்பரும். அங்கே வன ஆராய்ச்சிக் கழகம் எண்பதுகளின் நடுவில் 50 ஹெக்டேரை அளந்து, விரல் பருமனுள்ள செடி முதல் ஒவ்வொரு மரத்துக்கும் தகர எண் கட்டியது. 800க்கும் மேற்பட்ட மர வகைகள். என் தம்பி மகன் ஒரு கணக்கெடுப்புக்குக் கூலியாளாகப் போய் வந்தான். "அத்த, ஒரே மாதிரி ரெண்டு மரம் பக்கத்துல பக்கத்துல நிக்கிறத அங்க தேடணும்" என்றான். மெராந்தி வகை மரங்கள் அங்கே வருஷா வருஷம் பூப்பதில்லை. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு வறட்சியோ சில இரவுகளின் குளிர்ச்சியோ வந்தபின் காடு முழுக்கச் சேர்ந்து பூக்கும். அத்தனை பூவுக்கும் மகரந்தம் சுமக்க ஆள் எங்கே இருந்து வரும்? பேன்பூச்சிகள் மொட்டுக்குள்ளேயே பெருகி அந்த வேலையைச் செய்கின்றன என்று எஸ். அப்பன்னாவும் எச்.டி. சானும் 1981இல் எழுதினார்கள். நாங்கள் ரப்பர் பூவில் தட்டிவிடுகிற அதே கூட்டத்துப் பூச்சி.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. ஒட்டுக்கட்டு குறைந்ததும் என்னைச் செம்பனைக்கு மகரந்தம் போடுகிற கூட்டத்தில் சேர்த்தார்கள். செம்பனையும் ஒரே மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் விடும். ஆனால் சேர்ந்தாற்போல் விடாது, கொஞ்ச காலம் ஆண், கொஞ்ச காலம் பெண். பெண் பூ விரிந்து இளமஞ்சளாக இருப்பது இரண்டு மூன்று நாள். அதற்குள் ஆண் பாளையிலிருந்து உதிர்த்துக் காயவைத்துச் சலித்த மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து ஊதுகுழலால் ஊத வேண்டும். முள் கிழிக்கும், பூரான் இருக்கும், பாம்பும் இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

ஆப்பிரிக்காவில் இந்த வேலையை யாரும் செய்வதில்லையே, அங்கே குலை எப்படி நிறைகிறது என்ற கேள்வியோடு ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் நிபுணர் கேமரூனுக்குப் போனார். காற்றுதான் காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவர் காட்டியது நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கூன்வண்டை. 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் அதை விட்டார்கள். வண்டு வாழ்வதும் முட்டையிடுவதும் ஆண் பாளையில். பெண் பாளையில் அதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெண் பூவும் அதே சோம்பு வாசத்தை விடுகிறது. வண்டு ஏமாந்து வந்து மேலில் ஒட்டிய மகரந்தத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. வெகு சீக்கிரம் அது எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. எங்கள் கூட்டத்தைக் கலைத்துக் களை எடுக்க அனுப்பினார்கள். வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன், கையில் கூலி குறைந்தது. ஆனாலும் அந்த முள்ளுக்குள் மறுபடி கைவிடச் சொன்னால் போயிருக்க மாட்டேன்.

செம்பனையிடம் நான் கற்ற பெரிய விஷயம் அதன் தாமதம். இன்று குலையாகப் பழுக்கிற பாளை ஆணா பெண்ணா என்பது இரண்டு, இரண்டரை வருஷத்துக்கு முன்பே குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அப்போது தண்ணீர் இல்லாமல் மரம் வாடியிருந்தால் ஆண் பாளையாக விடும்; பழம் சுமப்பது செலவு, மகரந்தம் சல்லிசு. இளம்பாளை உள்ளேயே கருகிப் போவதும் உண்டு. 1997இல் வறட்சியும் சுமத்திராப் புகையும் சேர்ந்து சூரியனே தெரியாமல் இருந்ததே, அந்த வருஷம் மலேசியாவில் 90 லட்சம் டன் செம்பனை எண்ணெய். அடுத்த வருஷம் 83 லட்சம்தான். குலை இல்லையென்று அறுவடைக்காரர்களைத் திட்டிய சின்னத் துரை ஒருவரிடம் கங்காணி, "தொரை, இது இப்பத்திய மழைக்கு வர்ற குலை இல்லைங்க" என்றார். துரைக்கு விளங்கவில்லை.

வேலையிலிருந்து நின்ற பிறகு சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறேன். தாமான் வீடுகளில் எல்லோரும் ரம்புத்தான் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையை வாசலில் ஊன்றுகிறார்கள். ஆறேழு வருஷம் வளர்த்து, பூ பூவாய்ப் பூத்து ஒரு காய்கூட இல்லையென்று என்னிடம் வருவார்கள். கொட்டையில் வந்த ரம்புத்தானில் பாதியளவு ஆண் மரமாகவே போய்விடும், அதை எவ்வளவு உரம் போட்டாலும் மாற்ற முடியாது. வெட்டிவிடச் சொல்வதில்லை. இடுப்பளவில் அறுத்து, புதுத்தளிர் விட்டு அது பருத்ததும், அதில் அனாக் செக்கோலா கண் ஒன்றை வைத்துக் கொடுப்பேன். கத்தி இன்னும் அதேதான், கண்ணாடி மட்டும் புதிது.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். "பாட்டி, நாளைக்கு லீவு, நாளைக்கே கட்டிடுறீங்களா?" என்றாள். போய்ப் பார்த்தேன். தளிர் இன்னும் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "பச்சையாகட்டும், ஒரு மழையும் பேயட்டும், பிறகு கூப்பிடு. லீவு உனக்குத்தானே, மரத்துக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்.